டெகலென் மலையின் கதை

கசகஸ்தான் நாட்டின் வடகிழக்கே, இர்த்திஷ் ஆற்றுக்குத் தெற்கில், மரம் அரிதாகிய புல்வெளி கண்ணுக்கெட்டிய தொலைவும் பரந்து கிடக்கிறது. அவ்வெளியினின்று எழுந்து நிற்கும் குன்றுத் தொடர் ஒன்றுக்கு டெகலென் என்று பெயர். 2012ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அக்குன்றுகளின் அடிவாரத்தில் கசகஸ்தான், ரஷ்யா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் அறிவியலாரும் பொறியாளரும் சிறு கூட்டமாகக் கூடி, மூன்று முகங்கொண்ட கல் ஒன்றைத் திறந்து வைத்தனர். 1996 முதல் 2012 வரை செய்த பணியால் உலகம் முன்னிலும் பாதுகாப்புடையதாயிற்று என்னும் பொருள்பட, மூன்று மொழிகளில் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. என்ன பணி, எதற்காகப் பதினேழு ஆண்டுகள் என்பதைக் கல் சொல்லவில்லை. அந்தப் பதினேழு ஆண்டுகளின் வரலாறு, ஒரு பேரரசு தன் பொருள்களை விட்டுவிட்டு மறைந்தால் அவற்றுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவோடு பிணைந்தது.

செமிபலாட்டின்ஸ்க் என்பது அப்பகுதியின் பழைய நகரம். 2007 முதல் அதற்குச் செமேய் என்று பெயர். உருசிய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி சைபீரியச் சிறைவாசத்திற்குப் பின் படைவீரராகப் பணிசெய்ய அனுப்பப்பட்ட ஊர் அது. கசாக்கு மொழியின் பெருங்கவிஞர் அபாய் பிறந்து வளர்ந்த மண்ணும் அதற்கு அண்மையிலேயே உள்ளது. ஒரு மொழிக்கு உயிர்கொடுத்த கவிஞனின் மண், மாஸ்கோவில் நிலப்படத்தை விரித்தவர்களின் கண்ணுக்கு வெற்று நிலமாகத் தோன்றியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், அணுகுண்டைச் சோதிக்க இடம் தேடிய சோவியத்து அரசு, நகரத்திற்கு மேற்கே ஏறத்தாழ 18,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை எடுத்துக்கொண்டது. பகாங் மாநிலத்தில் பாதியளவு நிலம் அது. இர்த்திஷ் கரையில் அறிவியலாருக்கும் படையினருக்கும் ஒரு மூடிய நகரம் எழுந்தது. நிலப்படங்களில் இடம்பெறாத அந்நகருக்குப் பின்னாளில், சோவியத்து அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவரான இகோர் குர்ச்சாதவின் பெயர் இடப்பட்டது.

1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அங்கே சோவியத்து ஒன்றியத்தின் முதல் அணுகுண்டு வெடித்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகளில் 456 சோதனைகள் நடைபெற்றன. முதலில் அவை நிலத்தின்மேலும் வானிலும் நிகழ்ந்தன. காற்றில் பரவிய நஞ்சு சுற்றுப்புறச் சிற்றூர்களின் மக்களுக்கும் கால்நடைகளுக்கும் விளைத்த கேடு தனி நூலாக எழுதத்தக்கது. அதனை இக்கட்டுரை விரித்துரைக்கவில்லை. 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வானில் வெடிப்பது தடைசெய்யப்பட்டபின் சோதனைகள் யாவும் நிலத்துக்கடியில் சென்றன. அப்பொழுதுதான் டெகலென் முதன்மை பெற்றது. அதன் பாறைகளைக் குடைந்து 181 சுரங்கங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் 1961 முதல் 1989 வரை 209 சோதனைகள் நடந்தன.

இனி வரும் செய்திகளுக்கு அடிப்படையாக ஓர் அறிவியல் உண்மையை இங்கு விளக்குதல் வேண்டும். அணுகுண்டு முழு ஆற்றலோடு வெடிக்கும்போது அதிலுள்ள புளுட்டோனியத்தின் ஒரு பகுதியே பிளவுபட்டு ஆற்றலாகிறது. எஞ்சியது கடும் வெப்பத்தில் ஆவியாகி, உருகிய பாறையோடு கலந்து, கண்ணாடி போல் உறைந்துவிடுகிறது. பல டன் பாறைக்குள் தூளாய்ச் சிதறிய அதனைப் பிரித்தெடுப்பது எளிய செயலன்று. ஆனால் டெகலெனில் நடந்தவை அனைத்தும் முழு வெடிப்புகள் அல்ல. குண்டின் ஓர் உறுப்பு எப்படி நடந்துகொள்கிறது, விபத்தில் தீப்பற்றினால் என்ன ஆகும் என்பன போன்றவற்றை அறியச் சிறு சோதனைகளும் செய்யப்பட்டன. அவற்றில் சாதாரண வெடிமருந்து புளுட்டோனியத்தை நொறுக்கும். அணுப்பிளவின் தொடர்வினையோ நிகழாது, அல்லது மிகச் சிறிதே நிகழும். எனவே உலோகம் ஆவியாகாமல், நொறுங்கிய நிலையில் அங்கேயே தங்கிவிடும். சில சோதனைகள் கோல்பா எனப்பட்ட பெரிய எஃகுக் கலங்களுக்குள் நடத்தப்பட்டன. சோதனை முடிந்ததும் அக்கலங்களும் சுரங்கத்திலேயே விடப்பட்டன.

நாகசாகி நகரை அழித்த குண்டில் இருந்த புளுட்டோனியம் ஏறத்தாழ 6 கிலோகிராம். ஓர் ஆரஞ்சுப் பழத்தின் பருமனைவிடச் சற்றே கூடியது அது. டெகலெனில் மீட்டெடுக்கத்தக்க வடிவில் கிடந்த பொருளோ பன்னிரண்டு குண்டுகளுக்கோ அதற்கு மேலுமோ போதும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

சோவியத்து அரசு உறுதியாக இருந்த வரையில் இதனைப் பற்றிக் கவலையுற வேண்டிய தேவை எழவில்லை. மூடிய நகரம், ஆயுதந்தாங்கிய காவல், அனுமதியின்றி ஒருவரும் நெருங்க இயலாத நிலம் ஆகியவையே பூட்டாக இருந்தன. உலோகத்தைத் தனியே காக்க வேண்டும் என்னும் எண்ணம் யாருக்கும் தோன்றவில்லை. நாட்டையே கோட்டையாக்கியவர்கள் அறைக்குக் கதவு வைக்க மறந்தார்கள் எனலாம்.

1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனவ் தலைமையில் 'நெவாடா - செமிபலாட்டின்ஸ்க்' என்னும் மக்கள் இயக்கம் தோன்றியது. அமெரிக்காவின் சோதனைத் தளமான நெவாடாவின் பெயரையும் தம் ஊர்ப் பெயரோடு சேர்த்துக்கொண்டது அவர்களுடைய பரந்த நோக்கத்தைக் காட்டும். அவ்வாண்டு அக்டோபருக்குப் பின் அங்கு வெடிப்பு நிகழவில்லை. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், முதற்குண்டு வெடித்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், சோதனைத் தளத்தை மூடும் ஆணையைக் கசகஸ்தான் தலைவர் நூர்சுல்தான் நசர்பாயெவ் பிறப்பித்தார். அந்நாளையே அணுச் சோதனைகளுக்கு எதிரான உலக நாளாக ஐக்கிய நாடுகள் மன்றம் 2009இல் அறிவித்தது. மக்கள் குரல் வென்ற அரிய நிகழ்ச்சி இது, இதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு புதிய இடரும் தலையெடுத்தது. நான்கு திங்களில் சோவியத்து ஒன்றியம் கலைந்தது. படைகள் வெளியேறின. தளத்தின் பதிவேடுகளும் சோதனைக் கணக்குகளும் ரஷ்யாவுக்குச் சென்றன. நிலம் மட்டும் கசகஸ்தானிடம் தங்கியது. மலைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர்களிடம் மலை இல்லை. மலையை உடையவர்களுக்கோ உள்ளே இருப்பது தெரியவில்லை.

புதிய நாட்டின் முன் அப்பொழுது வேறு பெருஞ்சுமைகள் இருந்தன. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட அணுகுண்டுகள், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளிலும் விமானங்களுக்குரியனவாகவும் அந்நாட்டு மண்ணில் இருந்தன. அவை அனைத்தையும் 1995ஆம் ஆண்டு ஏப்ரலுக்குள் ரஷ்யாவுக்கு அனுப்பி முடித்தது கசகஸ்தான். உஸ்த் கமெனகோர்ஸ்க் நகரத்து உலோக ஆலை ஒன்றில் 600 கிலோகிராம் அளவிலான உயர்செறிவு யுரேனியம் இருப்பது தெரியவந்தது. அதனை 1994 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் இரகசியமாக ஏற்றிச் சென்றன. சோதனைத் தளத்திலேயே 1991இல் சுரங்கம் ஒன்றில் பொருத்தப்பட்டு வெடிக்கப்படாமல் நான்கு ஆண்டுகள் கிடந்த அணுவெடி ஒன்றும் இருந்தது. அதனை 1995 மே இறுதியில் சாதாரண வெடிமருந்து கொண்டு அழித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தவை இவ்வாறு ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. பாறைக்குள் நொறுங்கிக் கிடந்ததைப் பற்றிப் பேசுவார் இல்லை.

1996இல் சுரங்கங்களை அடைக்கும் வேலை தொடங்கியது. அமெரிக்கச் செனட்டர்கள் சாம் நன், ரிச்சர்டு லூகர் ஆகியோர் 1991இல் கொண்டுவந்த சட்டத்தின் வழியே அதற்குப் பணம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டுக்குள் 181 சுரங்க வாயில்களும் அடைக்கப்பட்டன. கேட்பதற்கு வேலை முடிந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் எந்த நோக்கத்தோடு அடைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இனி எந்த அரசும் அங்கே குண்டு சோதிக்கக்கூடாது என்பதே நோக்கம். அரசு ஒன்று திரும்பி வருவதைத் தடுக்கக் கட்டிய அடைப்பு அது. கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வரும் ஏழையைத் தடுக்கும் எண்ணத்தோடு கட்டப்பட்டதன்று.

வந்தவர்களோ அந்த ஏழைகளே. ஒன்றியம் கலைந்தபின் கசகஸ்தானின் பொருளாதாரம் சரிந்தது. கூட்டுப்பண்ணைகள் சிதைந்தன, ஊதியம் பல மாதங்கள் வரவில்லை, கடுங்குளிரில் வீடுகளுக்கு வெப்பமும் மின்சாரமும் தடைப்பட்டன. அந்நிலையில் புல்வெளிக்கடியில் செம்பு புதைந்திருந்தது. சோதனைகளை அளந்தறியும் கருவிகளுக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்குக் கனத்த செப்புக் கம்பிகள் புதைக்கப்பட்டிருந்தன. சுரங்கங்களுக்குள் இருப்புப்பாதைத் தண்டவாளங்களும் இருந்தன. பழைய உலோகம் வாங்கும் வணிகருக்கு அவை எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றி அக்கறையில்லை. முதலில் கையால் தோண்டினார்கள். பிறகு இயந்திரங்கள் வந்தன. அடைத்த வாயில்களை வெடிவைத்தும் பிளந்தும் உள்ளே சென்றனர். அவர்களுக்குப் புளுட்டோனியம் தேவையில்லை; அது அங்கே இருப்பதும் தெரியாது. கம்பியைப் பின்தொடர்ந்தே சென்றார்கள். கம்பியோ சோதனை நடந்த இடத்திற்கே கொண்டுபோய் விட்டது. அளவைக் கருவி எங்கு வேண்டுமோ அங்குத்தானே புளுட்டோனியமும் இருக்கும்! உலகம் அஞ்சிய கொடியவர் எவரும் வருமுன்னர், பிள்ளைகளின் உணவுக்காகச் செம்பு தேடியவர்கள் அப்பொருளுக்குச் சில மீட்டர் அண்மை வரை சென்றுவிட்டார்கள். அவர்களைத் திருடர் என்று எழுதிச் செல்லும் நூல்கள் உண்டு. நாற்பது ஆண்டுகள் தம் நிலத்தில் குண்டு வெடித்தபோது யாரும் அவர்களுடைய இசைவைக் கேட்கவில்லை என்பதையும் அந்நூல்கள் சேர்த்து எழுதியிருக்கலாம்.

இச்செய்தி வெளியுலகை எட்டியது அறிவியலாரின் நட்பினாலேயே. சீக்பிரீடு ஹெக்கர் என்பவர் உலோகவியல் அறிஞர். புளுட்டோனியத்தின் இயல்புகளை ஆராய்வதில் வல்லவர். அமெரிக்காவின் முதல் அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்திற்கு 1986 முதல் 1997 வரை இயக்குநராய் இருந்தவர். கசாக்கு அறிவியலார் சிலர் வழியாகச் செம்பு எடுப்போரைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். பதவியை விட்டபின், 1998இல், தாமே நேரில் செமிபலாட்டின்ஸ்க் தளத்திற்குச் சென்றார். ஒட்டகத்தின்மேல் வந்து கம்பியை இழுத்துச் செல்லும் சிலரைக் காண்போம் என்று எதிர்பார்த்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். அவர் கண்டதோ கிலோமீட்டர் கணக்கில் நீண்ட அகழிகள். பெரிய மண்தோண்டும் இயந்திரங்களாலன்றி அவ்வளவு தோண்ட இயலாது. காவல் கூண்டுகளில் காவலர் இல்லை. உலகின் மிகக் கொடிய பொருள்களுள் ஒன்றுக்கும் புல்வெளிக்கும் நடுவே வேலிகூட இல்லை.

அவர் படங்கள் எடுத்துக்கொண்டார். அவற்றை அமெரிக்க அரசுக்குக் காட்டியதோடு நில்லாமல் ரஷ்ய அறிவியலாரிடமும் கொண்டுசென்றார். சரோவ் நகரத்து ஆய்வு நிறுவனமே அச்சோதனைகள் பலவற்றை நடத்தியது. சோவியத்துக் காலத்தில் அந்நகரின் பெயரே அர்சமாஸ்-16 என மறைக்கப்பட்டிருந்தது. லாஸ் அலமோசும் சரோவும் நாற்பது ஆண்டுகள் ஒன்றையொன்று அழிக்கக் கருவி செய்த இடங்கள். எதிரி ஆய்வுக்கூடத்தின் முன்னாள் தலைவர் கையில் படத்தோடு வந்து, நீங்கள் விட்டுச்சென்ற பொருளை இப்பொழுது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொன்னால் ஏற்பது எளிதன்று. பொருள் நன்றாகப் புதைந்துள்ளது, ஒருவராலும் எடுக்க முடியாது என்பதே ரஷ்யர் தரப்பின் எண்ணமாக இருந்தது. அகழிகளின் படங்கள் அவ்வெண்ணத்தை மாற்றின.

எனினும் தடைகள் குறையவில்லை. எந்தச் சுரங்கத்தில் என்ன செய்தார்கள் என்று சொன்னால் குண்டு அமைப்பின் மறைபொருள்கள் வெளிப்படும் என்று ரஷ்யா அஞ்சியது. எஞ்சிய புளுட்டோனியத் துணுக்கு ஒன்றே போதும். அதன் சேர்க்கையை ஆராய்ந்து அறிஞர் பலவற்றைக் கண்டுகொள்வர். கசகஸ்தானுக்குத் தன் நிலத்தில் மாற்றார் இருவர் தனக்குத் தெரியாமல் பேசிக்கொள்வது பிடிக்கவில்லை. பிடிக்காததில் வியப்பும் இல்லை. அமெரிக்காவோ பணம் கொடுக்க அணியமாய் இருந்தது. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் பணம் கொடுத்தல் அங்கே வழக்கமன்று. நீண்ட பேச்சுக்குப் பின் வேலையை மூவரும் பிரித்துக்கொண்டனர். எந்த இடத்தில் தோண்ட வேண்டும், எந்த இடத்தில் மூட வேண்டும் என்பதை ரஷ்யர் காட்டுவர். கசாக்குப் பொறியாளரும் தொழிலாளரும் வேலையைச் செய்வர். செலவை அமெரிக்கா ஏற்கும். ஒவ்வொருவரும் தம் இரகசியத்தில் தேவையான அளவு மட்டும் அவிழ்த்தனர். முழு நம்பிக்கை பிறக்கட்டும் என்று காத்திருந்தால் அந்த வேலை என்றும் தொடங்கியிராது.

முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது சிறு சோதனைகளால் மாசுபட்ட ஒரு நிலப்பரப்பு. அங்குப் புளுட்டோனியம் மேற்பரப்புக்கு மிக அருகிலேயே கிடந்தது. அதன்மேல் எஃகுக் கம்பிகள் பின்னிய இரண்டு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் இடப்பட்டது. 2003இல் அவ்வேலை முடிந்தது. அடுத்து எஃகுக் கலங்கள் இருந்த சுரங்கங்கள். அதன்பின் ரஷ்யர் மேலும் சில இடங்களைக் குறிப்பிட்டனர்; அவை மூடப்படுகையில் இன்னும் சில. ஒரு பட்டியல் முடிந்தது என்று எண்ணும்போது அடுத்தது வந்ததால்தான் ஐந்தாண்டு வேலை பதினேழு ஆண்டு வேலையாயிற்று. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க், வாஷிங்டன் தாக்குதல்களுக்குப் பின் அரசுகளின் அவசரம் கூடியது. அரசல்லாத ஒரு கூட்டமும் பேரழிவுக் கருவியைத் தேடக்கூடும் என்னும் அச்சம் அதன்பின் வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

சுரங்கங்களை மூடிய முறையும் மாறியது. முன்போல வாயிலில் மட்டும் மண்ணையும் கல்லையும் குவித்து நிறுத்தவில்லை. மேலிருந்து துளையிட்டு, புளுட்டோனியத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும் தனிக் கான்கிரீட் கலவையை உள்ளே செலுத்தினார்கள். பின்னொருநாள் எவரேனும் உடைத்து உட்சென்றாலும் கல்லையும் உலோகத்தையும் பிரிப்பது அரிதாக வேண்டும் என்பது கருத்து. பொருளை வெளியே எடுத்து வேறிடம் கொண்டுபோகலாகாதா என்னும் வினா எழலாம். எடுத்தால் தொழிலாளருக்குத் தீங்கு, செலவோ அளவிறந்தது, ரஷ்யாவின் மறைபொருளுக்கும் பாதுகாப்பில்லை. ஆகவே புதைத்ததை மீண்டும் நன்றாகப் புதைப்பதே வழியாயிற்று. மொத்தச் செலவு 15 கோடி அமெரிக்க வெள்ளி. போர்க்கருவிகளுக்குச் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது.

2012 மார்ச்சில் தென்கொரியத் தலைநகர் சியோலில் நடைபெற்ற அணுப் பாதுகாப்பு மாநாட்டில் மூன்று நாட்டுத் தலைவர்களும் இப்பணியைப் பற்றி முதன்முறையாக ஒன்றாகப் பேசினர். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று வெளியிட்ட அறிக்கையால் விவரங்கள் பொதுமக்களை எட்டின. அவ்வறிக்கை எழுப்பிய ஒரு குறை இன்றும் எண்ணத்தக்கது. 1994இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஆயுதமற்ற நாடாகச் சேர்ந்த கசகஸ்தான், தன் மண்ணிலுள்ள அணுப்பொருள்களின் கணக்கை வியன்னாவிலுள்ள அனைத்துலக அணுசக்தி முகமைக்குக் காட்டக் கடமைப்பட்டது. டெகலென் பணியிலோ மூன்று நாடுகளும் அந்த முகமையை முறைப்படி சேர்த்துக்கொள்ளவில்லை. செய்தி பரவினால் தீயவர் காதிலும் விழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் பொய்யன்று. ஆனால் பதினேழு ஆண்டுகள் அப்புல்வெளியில் ஆடு குதிரை மேய்த்தவர்களுக்கும் தம் காலடியில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. அறியாமையே அவர்களைக் கம்பி தேடி உள்ளே அனுப்பியது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் ஒன்று கொடுத்திருந்தால் கான்கிரீட்டில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

குர்ச்சாதவ் நகரில் 1992இல் நிறுவப்பட்ட தேசிய அணு மையம் இன்று தளத்தின் நிலத்தை அளந்து ஆய்ந்து வருகிறது. மாசு இல்லாத பகுதிகளை மக்களுக்குத் திருப்பித் தரலாமா என்பது அங்குள்ள அறிவியலாரின் ஆய்வுகளுள் ஒன்று. 2023ஆம் ஆண்டில் தளத்தின் மாசுபட்ட பகுதியைத் தனிக் காப்பு மண்டலமாக வைத்து ஆளும் சட்டம் ஒன்றைக் கசகஸ்தான் இயற்றியது. அடைக்கப்பட்ட சுரங்கங்களுக்குக் காவல் தொடர்கிறது. புளுட்டோனியம்-239இன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். எந்தச் சுரங்கத்தில் எவ்வளவு கிடக்கிறது என்னும் முழுக் கணக்கு ரஷ்யாவின் பெட்டகங்களிலேயே உள்ளது. அது இன்றுவரை வெளியிடப்படவில்லை.